தரிசு என்று நான் எழுதிய இடம்

போன மாதம் ராசிபுரம் பக்கம் ஒரு சோளக்காட்டில் எங்கள் இலாகாப் பிள்ளைகள் டிரோன் பறக்கவிட்டுக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற சர்வேயர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நாங்கள் ஒரு வாரம் வெயிலில் காய்ந்து அளக்கிற நாற்பது ஏக்கரை அந்தப் பொம்மை கால் மணி நேரத்தில் அளந்துவிட்டு வந்து காலடியில் இறங்கியது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "உங்க சர்வீஸ்ல அளக்கறதுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்த இடம் எதுங்க சார்?"

பக்கத்தில் இருந்தவன் நான் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டான். "கொல்லிமலை அடிவாரமாத்தான் இருக்கோணும். பாறைங்க."

"இல்லை. நான் கண்ணாலேயே பார்க்காத ஒரு தெரு" என்றேன்.

கிழவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிரித்தார்கள். விவரமாகச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை, சாப்பாடு வந்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுதான் அது.

அந்தத் தெரு கடலுக்கு அப்பால், இலங்கையின் வடக்குக் கரையில் ஒரு சிற்றூரில் இருந்தது. நான் அளக்கத் தொடங்கியபோது அது இல்லை. விமானம் குண்டு போட்டு அழித்திருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கிலி இழுத்தேன், முள்ளில் நடந்தேன், கணக்குத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். உண்மையான படிப்பு நாமக்கல்லில் இன்ஸ்பெக்டர் அருணாசலத்திடம் வந்து விழுந்த பிறகுதான் ஆரம்பித்தது.

ஒல்லியான மனிதர். கருப்புக் குடை ஒரு கையில், பித்தளைத் தூக்குப்போசி ஒரு கையில். அந்தப் போசியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் இருக்கும். பெரியவர், சின்னவர், கலெக்டர் ஆபீஸ் சேவகர், எல்லாரும் அவருக்குச் சாமிதான். திட்டும்போதும் சாமிதான்.

மோகனூர் பக்கம் ஒரு பங்காளிச் சண்டை. அண்ணனும் தம்பியும் வரப்புக்காக ஒன்பது வருடம் பேசாமல் இருந்தவர்கள். நான் போய்க் கல்லைத் தேடிக் குனிந்தேன். அருணாசலம் குடையால் என் முதுகைத் தட்டினார்.

"கல்ல அப்பறம் பாக்கலாம் சாமி. மொதல்ல ரெண்டு பேரு கையிலயும் சங்கிலியக் குடு."

இந்த முனையை அண்ணன் பிடிக்க வேண்டும், அந்த முனையைத் தம்பி பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அளவையும் இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் நான் பென்சிலால் எழுதுவேன். இரண்டு பக்கத்துக்காரரும் ஒன்றாகச் சொன்னால்தான் அது மையில் ஏறும். பென்சிலில் நின்றுபோனது கடைசியில் துணியில் வரைகிற படத்தில் வராது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இப்படி எழுதப்பட்டிருக்கவில்லை. அவருடைய சட்டம்.

"கல்லு பொய் சொல்லாது. ஆனா ராத்திரியோட ராத்திரியா நடந்து போயிரும்" என்பார். "ரெண்டு பகையாளி சேந்து சொன்னா அது நடக்காத கல்லு."

அன்றைக்குச் சித்திரை வெயில். தம்பி வீட்டு மருமகள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். அண்ணன் வீட்டிலிருந்து இளநீர் வந்தது. எனக்கு நாக்கு வறண்டுபோய் இருந்தது. அருணாசலம் கும்பிட்டு இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, தன் போசியைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தார். வேலை முடிந்த பிறகாவது குடிக்கலாமே என்று பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்தவன்தான் சாமி தண்ணி குடிப்பான். நாம ஊட்டுக்கா வந்தோம்? எல்லைக்கு வந்தோம்."

பதினைந்து வருடம் அவரோடு சுற்றினேன். அளக்கப் போன இடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர் அவர் வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை.

எண்பதுகளின் பாதிக்கு மேல், நாமக்கல் தாலுகாவில் காவிரிக்கு இந்தப் பக்கம் இலங்கை அகதிகளுக்கு ஒரு முகாம் இருந்தது. நெல் கிடங்காக இருந்த கட்டடம். நடுவில் கோணிச்சாக்குத் தட்டி கட்டிக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அங்கே வேலையாக மதராஸிலிருந்து ஒரு வரலாற்றுப் பேராசிரியை வந்தார். பெயர் விமலா. வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கிவந்திருந்தார். படம் வரையத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் ஆபீசுக்கு வந்து கேட்டார். அருணாசலம் என்னைக் கை காட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்தப் பொறுப்பில்.

விமலா படிப்பது என்ன என்று அவரையே கேட்டேன். போர்க்காலத்தில் ஊர்கள் மேல் குண்டு போடுவதைப் பற்றி என்றார். ஐரோப்பாவில், ஜப்பானில் ஒரே இரவில் எரிந்துபோன நகரங்களின் படங்களை ஒரு தடிப் புத்தகத்தில் காட்டினார். எல்லாம் விமானத்திலிருந்து எடுத்தவை. நான் நல்ல புலப்படம் பார்க்கிற மாதிரி ஆசையாகப் பார்த்தேன். தெருக்கள் அவ்வளவு சுத்தமாகத் தெரிந்தன. பிறகுதான் உறைத்தது, வீடுகளுக்குக் கூரை இல்லாததால்தான் அறைகள்கூட அவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன என்று. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"மேலிருந்து பார்த்தா கட்டடம் தெரியும் சார். உள்ளே யார் இருந்தாங்கன்னு தெரியாது" என்றார் விமலா. "ஒரு ஜனத்தையே இல்லாமல் ஆக்குவதற்கு இனப்படுகொலைன்னு பெயர். இங்கே அந்தப் பெயரைச் சொல்லலாமா கூடாதான்னு எனக்கு இன்னும் தெரியலை. அதைப் பேசறதுக்கு முன்னாடி, அங்கே எத்தனை வீடு இருந்தது, யார் யார் இருந்தாங்கன்னு தெரியணும். குண்டு விழுந்த இடம் ஆளில்லாத வெறும் வெளின்னு பத்திரிகையில் ஒரு சேதி வந்திருக்கு. அந்தத் தெருவில் இருந்தவங்க இந்த முகாமில் இருக்காங்க. எனக்கு அந்தத் தெரு வேணும்."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். முதல் ஞாயிறு முகாமில் நான் காகிதத்தை விரித்ததும் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர்கள் தமிழ் எனக்குப் பாதி புரிந்தது, என் தமிழ் அவர்களுக்குப் பாதி. கிணற்றிலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர் என்றேன். "கிட்டத்தான் ஐயா, உந்தா" என்றார்கள். உந்தா என்பதை எப்படிச் சங்கிலியில் எழுதுவது?

அப்போது பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் போட வந்திருந்த ரிக் வண்டியின் கம்ப்ரசரை ஓட்டினார்கள். திருச்செங்கோட்டு வண்டி. எங்களுக்கு அது கோழி கூவுகிற மாதிரி தினப்படிச் சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், என் முன்னால் ஒருவரும் இல்லை. நாற்பது பேரும் தரையோடு தரையாகக் குப்புறக் கிடக்கிறார்கள். தாய்மார் பிள்ளைகளுக்கு மேல் கிடக்கிறார்கள். நானும் விமலாவும் மட்டும் மரம் மாதிரி நின்றோம். ஒரு நிமிஷம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பொறுமை வந்தது. ஒவ்வொருவராகக் கேட்டேன். காலை எட்டு மணி, தண்ணீர் அள்ளுகிற நேரம். விமானம் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. போய்விட்டது என்று எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். திரும்பி வந்தது. கிழக்கு வரிசையில் நடுவில் இருந்த ஐந்து வீடுகள் அடியோடு போயின. மற்றவை எரிந்தன.

தூரத்தை எப்படி எடுப்பது என்று எனக்கு வழி காட்டியது ராசம்மா என்ற நடுவயதுக்காரி. "ஐயா, சும்மா கேட்டால் தெரியாது. ஒரு குடம் தண்ணி தாங்கோ. நடந்து காட்டுறன்" என்றார்.

முகாமை ஒட்டி அறுவடை முடிந்த சோளக்காடு இருந்தது. ஓரிடத்தில் முளை அடித்து அதுதான் கிணறு என்றேன். ராசம்மா நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சோளக்கட்டைகளுக்கு நடுவே தலை நிமிர்த்தி நடந்து போனவர் ஓரிடத்தில் டக்கென்று நின்றார். "இதுதான் என்ரை படலை." வேலியில் இருக்கிற கதவை அவர்கள் படலை என்கிறார்கள். நின்ற இடத்தில் முளை அடித்தேன். இதென்ன விளையாட்டு என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

அடுத்த வீட்டுக்காரியைக் கட்டடத்துக்குள் இருக்கச் சொல்லி, ராசம்மாவின் முளை நின்ற இடத்தை அளந்து எழுதிக்கொண்டு அதைப் பிடுங்கிவிட்டு, பிறகு அந்த அடுத்த வீட்டுக்காரியைத் தனியாக நடக்கவிட்டேன். அவர் நின்ற இடத்துக்கும் ராசம்மா நின்ற இடத்துக்கும் சங்கிலி பிடித்து எழுதிவைத்தேன். பிறகு இன்னொரு வழியில் சோதித்தேன். அவர்கள் ஊரில் வேலியெல்லாம் தென்னோலையைப் பின்னின கிடுகுதான். வருஷம் ஒருமுறை பிரித்து அடைப்பார்கள். யார் வீட்டு முன்வேலிக்கு எத்தனை கிடுகு என்பது பெண்களுக்கு மனப்பாடம். ஒரு கிடுகு பின்னிக் காட்டச் சொன்னேன். அதை அளந்து, அவர்கள் சொன்ன எண்ணிக்கையால் பெருக்கினேன்.

நடந்த கணக்கும் கிடுகுக் கணக்கும் ஒரு சாண் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின. நான் தப்பாகப் பெருக்கிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. இரும்புச் சங்கிலியே வெயிலுக்கு நீளும். இந்தப் பெண்களின் கால்கள் நீளவுமில்லை, குறையவுமில்லை.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. இருபத்தாறு வீடுகள் முளையில் ஏறின. நாலாவது ஞாயிறு முளைகளையெல்லாம் மறுபடி ஊன்றி, எல்லாரும் அவரவர் படலையில் போய் நில்லுங்கள் என்றேன். போய் நின்றார்கள். சோளக்கட்டைகளுக்கு நடுவே ஒரு தெரு எழுந்து நின்றது. எதிர் எதிர் வீட்டுக்காரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழக்கு வரிசையில் மட்டும் நடுவில் ஐந்து வீட்டு அகலத்துக்கு ஆள் இல்லை. அந்த இடத்தை யாரும் மிதிக்கவில்லை. கிணற்றடிக்குப் போகச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்படிச் செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை.

அந்த ஐந்து வீட்டில் உயிரோடு மிஞ்சியவர் ஒருவர்தான். தவமணி. முப்பது வயது இருக்கும். கட்டடத்து நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முதல் குடத்தை வீட்டில் வைத்துவிட்டு இரண்டாவது குடத்துக்காகக் கிணற்றடிக்குத் திரும்பியிருந்தார், அதனால் தப்பினார். மாமியாரும் ஆறு வயது மகளும் வீட்டில் இருந்தார்கள். அதன் பிறகு அவர் குடத்தைத் தொடுவதில்லை. மற்றப் பெண்கள்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நடந்து காட்ட முடியுமா என்று விமலா ஒருமுறை கேட்டார். "எனக்கு ஏலாது அக்கா" என்றார் தவமணி. அதோடு விட்டுவிட்டோம்.

ஐந்தில் நடு வீடு அவருடையது, இரண்டு பக்கமும் பக்கத்துக்காரர் இல்லை. நடையும் இல்லை. ஆகவே என் காகிதத்தில் அந்த ஐந்து வீடும் பென்சிலில் நின்றன. அந்த வாரம் ஆபீசில் உட்கார்ந்து டிரேசிங் துணியில் மையால் படத்தை ஏற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக வேறு எதையும் வரைந்ததில்லை. கிணறு, ஒழுங்கை என்று அவர்கள் சொல்கிற சந்து, இருபத்தாறு வீடு, ஒவ்வொன்றிலும் பெயர். பென்சிலில் இருந்ததை ஏற்றவில்லை. சட்டம் அதுதானே. ஆனால் படத்தில் ஒரு துண்டு நிலம் பெயரில்லாமல் இருக்கக் கூடாது என்பதும் எங்கள் பழக்கம். நிலம் என்றால் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, ஏதாவது ஒன்று எழுதியாக வேண்டும். வெறுமையாகக் கிடந்த இடத்தில் பழக்கதோஷமாக, கொட்டை எழுத்தில், தரிசு என்று எழுதினேன்.

ஐந்தாவது ஞாயிறு அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு போய் விரித்தேன். பெண்கள் சூழ்ந்துகொண்டு அவரவர் வீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பின்னால் நின்ற தவமணி எட்டிப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர் அவர்.

"தரிசு எண்டால் என்ன ஐயா?"

"வெறும் நிலம்மா. ஆள் இல்லாதது..." என்று சொல்லிக்கொண்டு வரும்போதே நான் சொல்வது என் காதில் விழுந்தது.

"அவையும் அப்பிடித்தானே சொன்னவை" என்றார், வெறும் வெளி என்று சேதி விட்டவர்களை. குரல் உயரவில்லை. "அப்ப நான் எங்கையிருந்து வந்தனான் ஐயா?"

கடவுளே! இத்தனை வருஷ வேலையில் நான் அப்படிக் கூனிக் குறுகியது கிடையாது. குண்டு போட்டவன் செய்ததை நான் பேனாவால் செய்து முடித்திருக்கிறேன். அதுவும் எவ்வளவு நேர்த்தியாக!

நான் அங்கேயே பேனாவை எடுத்து ஐந்து வீட்டையும் போடப் போனேன். விமலா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "வேண்டாம் சார். சாட்சி இல்லாமல் ஒரு வீட்டைச் சேர்த்தால், மத்த இருபத்தாறையும் பொய்னு சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் காத்திருக்காங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல் எனக்கு லீவு இல்லை. முடியலைன்னா இப்படியே, அந்த வார்த்தையை மட்டும் எடுத்துட்டு, வெறும் இடமா விட்டுத்தான் கொண்டுபோகணும்."

வெறும் இடமாக விடுவதற்கும் தரிசு என்று எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? தவமணிக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அருணாசலத்திடம் துணியை விரித்து நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தரிசுன்னு ஆரு சொன்னாங்க சாமி?"

"யாரும் சொல்லலைங்க. சாட்சி இல்லாததால..."

"ஊடுன்னு எழுத ரெண்டு பக்கத்துக்காரன் வேணும். தரிசுன்னு எழுத வேண்டாமா? ஒருத்தன் சொல்லாம அத எப்படி மையில ஏத்துனே?"

அவர் சட்டத்தில் பாதியைத்தான் பதினைந்து வருஷமாகப் படித்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.

"ரெண்டு பக்கமும் ஆளில்லீன்னா, எதுக்கால இருக்கறவங்களக் கேக்கோணும். ஞாயித்துக்கெழம நானும் வாரேன்" என்றார்.

வந்தார். குடை, போசி, வெள்ளைச் சட்டை. ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருந்தது அவருக்கு. முளைகளையெல்லாம் ஊன்றச் சொல்லிவிட்டு, தெருவின் மேற்கு வரிசையிலிருந்து மூன்று பெண்களைத் தேர்ந்தெடுத்தார். ராசம்மா ஒருவர். மூவரையும் கட்டடத்துக்குள் இருக்கச் செய்து, ஒருவர் பின் ஒருவராக வெளியே அழைத்தார்.

"உங்க படலைல நில்லுங்க சாமி. தவமணி ஊட்டுப் படலைல என்ன இருந்துச்சு?"

"முருங்கை ஐயா. படலைக்குப் பக்கத்திலை."

"அது எங்க இருந்துச்சுன்னு கையை நீட்டுங்க. கையை இறக்கப்படாது."

ராசம்மா யோசிக்கவே இல்லை. கை தானாகப் போனது. அந்தக் கைக்கு நேராக நான் நூல் கட்டினேன். நூலின் இரண்டு முனையிலும் அடையாளம் வைத்துவிட்டு நூலை எடுத்துவிட்டேன். இரண்டாவது பெண் வேறு படலையிலிருந்து கையை நீட்டினார். மூன்றாவது பெண் தெருக்கோடியிலிருந்து. பிறகு அந்த அடையாளங்களில் மூன்று நூலையும் மறுபடி கட்டினோம்.

மூன்றும் ஓரிடத்தில் சந்தித்தன. நடுவில் விழுந்த முக்கோணத்தை என் உள்ளங்கையால் மூட முடிந்தது. ஒரு முருங்கை மரத்தின் தூர் அவ்வளவுதான் இருக்கும்.

அருணாசலம் குந்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடேங்கப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு நூலை அவிழ்க்கச் சொன்னார். நூல் கூடின இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் புதைத்து, மேலே மண்ணைத் தள்ளி, சோளத்தட்டால் பெருக்கிவிட்டார். முளைகளை எல்லாம் பிடுங்கச் செய்தார். கிணற்று முளை மட்டும் நின்றது.

"இப்ப அந்தம்மாளக் கேளு. அவங்களாப் பாத்து நடந்தாத்தான் ஆச்சு. வற்புறுத்தப்படாது."

நான்தான் போய்ப் பேசினேன். தரிசு என்று எழுதியவன் நான்தானே. சோளக்காடு கண்ணில் படாத பின்பக்கத்து நிழலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் நானும் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா, நான் எழுதினது தப்பு. அதை நான் சுரண்டி எடுத்துவிடுவேன். ஆனால் அங்கே உங்கள் வீட்டை எழுத நீங்கள் நடந்தால்தான் முடியும். முடியாவிட்டால் பரவாயில்லை" என்றேன்.

தவமணி எழுந்து போய், ராசம்மாவின் குடத்தைக் குழாயடியில் வைத்துக் கழுவினார். உள்ளே கைவிட்டு மூன்று தடவை கழுவினார். நிரப்பினார். தூக்கி இடுப்பில் வைத்தபோது தண்ணீர் கொஞ்சம் தளும்பிச் சேலையில் விழுந்தது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கிணற்று முளையிலிருந்து நடக்கத் தொடங்கினார்.

முகாமே வெளியே வந்து நின்றது. அவர் கீழே பார்க்கவில்லை. பாதி வழியில் எதற்கோ சற்று ஒதுங்கி நடந்தார், அங்கே ஒன்றுமில்லை. பிறகு நின்றார். நின்றவர் இடது பக்கம் திரும்பி, இரண்டு எட்டு வைத்து, தலையைத் தாழ்த்தினார்.

வெட்டவெளி. மேலே வானம் மட்டும். அவர் தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தார்.

"கூரை பதிவு" என்றார், யாரும் கேட்காமலே; தாழ்வாக இருப்பதை அவர்கள் பதிவு என்பார்கள். "மாமி ஒவ்வொரு நாளும் சொல்லுவா, தலை பிள்ளை, தலை எண்டு."

அருணாசலம் அவர் நின்று திரும்பிய இடத்துக்குப் போய்க் குனிந்து விரலால் மண்ணைக் கிளறினார். ஒரு சாண் தள்ளிக் கூழாங்கல் இருந்தது. அதை எடுத்து என்னிடம் காட்டினார். மலையை அளந்திருக்கிறேன், ஆற்றை அளந்திருக்கிறேன். மனிதர் மனசுக்குள் ஒரு வீடு இவ்வளவு அசையாமல் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.

கூழாங்கல்லை வாங்க நான் நேராக நடந்து போனேன். அருணாசலம் கையை நீட்டித் தடுத்தார். "சுத்தி வா சாமி. அது அவங்க ஊடு."

அங்கேயே பலகையை வைத்து, துணியை விரித்து, பிளேடால் தரிசு என்ற சொல்லைச் சுரண்டினேன். மையில் தவமணியின் வீட்டைப் போட்டேன். அதற்கு மேல் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வீடு மையில் ஏறியதும் அவர் பக்கத்துக்காரர் ஆகிவிட்டார்! வடக்குப் பக்க வீட்டுக்கு அவர் சாட்சி, தெற்குப் பக்க வீட்டுக்கும் அவர் சாட்சி. பொதுவேலிக்கு எத்தனை கிடுகு என்று சொன்னார். பாதி நாங்கள் அடைப்போம், பாதி அவர்கள் என்றார். எதிர்வரிசைக்காரிகள் ஆமாம் என்றார்கள். ஓரத்து இரண்டு வீடுகளுக்கு அவற்றை ஒட்டியிருந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருந்தவர்களின் பெயரைத் தவமணி சொல்லச் சொல்ல எழுதினேன். கைக்குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றார் ஒரு வீட்டில். கைக்குழந்தை என்றே எழுதினேன். மதியத்துக்குள் முப்பத்தொரு வீடும் நின்றன.

கடைசியில் கையெழுத்து. தவமணி மூன்று இடத்தில் போட்டார். ஒன்று வீட்டுக்காரி என்று, இரண்டு பக்கத்துக்காரி என்று.

விமலா அந்தத் துணியை உருட்டி எடுத்துக்கொண்டு மறுநாள் ரயிலேறினார். அதன் நகலை எனக்கு அனுப்பினார், என்னிடம் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் பிளேடு சுரண்டிய இடம் தவமணியின் பெயருக்கு அடியில் இன்னும் தெரிகிறது. அந்த ஆராய்ச்சி எந்த முடிவுக்கு வந்தது, அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. அங்கே வெறும் வெளி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது தவமணி சோளக்காட்டில் தன் வீட்டு இடத்தில் இறக்கி வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அருணாசலத்திடம் நீட்டினார். இவர் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவாரே, இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு அதைத் தாங்க முடியுமா என்று பதறி, நான் சொம்புக்குக் கை நீட்டினேன்.

அருணாசலம் என்னை விலக்கினார். குடையையும் தூக்குப்போசியையும் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார்.

"ஊட்டுக்கு வந்துட்டுத் தண்ணி குடிக்காமப் போலாமா சாமி?" என்று சொல்லி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.